வகுப்புச் சுவரில் இப்போது என்ன மாதம்?

கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் சின்னப் பிள்ளைகளின் வகுப்பறைச் சுவரில் என்ன செய்யலாம் என்று குமரி மாவட்டத்து டீச்சர்மாரும் பெற்றோரும் கேட்ட கேள்விகளுக்கே இந்த முறை முழுப் பக்கமும்.

கே: டிசம்பர் வந்தாலே பஞ்சு வாங்கிப் பனிமனிதன் செய்து ஒட்டுகிறோம். அதை விட்டால் குளிர்காலம் என்று காட்ட நமக்கு வேறு என்ன இருக்கிறது? (யுகேஜி டீச்சர், நாகர்கோவில்)

ப: ஊரைத் தாண்டி ஒரு வயல் வரப்பில் போய் நின்று பாருங்கள், டீச்சர். கும்பப்பூ நெல் பச்சை பிடித்து நிற்கிறது. புரட்டாசி, ஐப்பசியில் நட்ட பயிர், மாசியில்தான் அறுப்பு. தேரூர்க் குளத்தில் வெளியூர்ப் பறவைகள் இறங்கியிருக்கின்றன. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3-இல் முடிந்த கையோடு வீட்டுக்கு வீடு நட்சத்திரம் ஏறுகிறது. சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழாவின் ஒன்பதாம் நாள் தேர் ஓடுகிறது. கோட்டாற்றுக்கும் லீவு, சுசீந்திரத்துக்கும் லீவு என்பது உங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும்.

நம் ஊரில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பிள்ளைகள் காலத்தைத் தெர்மாமீட்டரில் பார்ப்பதில்லை. புல்லில் நனைந்த காலிலும், வாசல் கோலத்திலும், தெருவில் தொங்கும் நட்சத்திரத்திலும் பார்க்கிறார்கள். பனிமனிதனை ஒட்டினால் நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும். குளத்துப் பறவையை ஒட்டுங்கள், பிள்ளைகள் உங்களுக்கு விளக்கம் சொல்வார்கள். நாலு வயசில் அந்தப் பேச்சு வருவதற்காகத்தானே இத்தனை பாடும்?

கே: பனிக்குத் தெர்மோகோலை உதிர்த்துத் தூவலாமா? (அப்பா ஒருவர், மார்த்தாண்டம்)

ப: கூடாது. அலங்காரத்துக்கான தெர்மோகோலுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. அந்த உருண்டைகள் பிள்ளைகளின் மூக்குக்குள் போகும். மழைத் தண்ணீரோடு ஆற்றுக்கும் போகும்.

வெள்ளை நிறம்தான் ஆசை என்றால் உங்கள் பக்கத்திலேயே ஒரு செடி இருக்கிறது. குலசேகரம், பேச்சிப்பாறைப் பகுதி ஓடைக்கரைகளில் இலையின் அடிப்புறம் வெள்ளைப் பொடி படிந்த பெரணி ஒன்று வளரும். கறுப்பு அட்டையில் அந்த இலையைப் பொடி படும்படி வைத்து உள்ளங்கையால் அழுத்தினால் இலை முழுசும் பல் பல்லாக வெள்ளையில் பதியும். பிள்ளைகள் புறங்கையிலும் பதித்துக்கொள்வார்கள். சாப்பிடுவதற்கு முன்னால் கையைக் கழுவச் சொல்லிவிடுங்கள்.

கே: கிளிட்டர்? (அதே அப்பா)

ப: வேண்டாம். அதுவும் பிளாஸ்டிக் தூள்தான். ஐரோப்பிய ஒன்றியமே 2023 அக்டோபரில் உதிரி பிளாஸ்டிக் கிளிட்டர் விற்பனைக்குத் தடை போட்டுவிட்டது.

கே: தேரூர்க் குளம் எங்களுக்குப் பக்கம். பறவைகளைச் சுவருக்குக் கொண்டுவர எளிய வழி சொல்லுங்கள். (அங்கன்வாடிப் பணியாளர், சுசீந்திரம் பகுதி)

ப: உலகம் மதிக்கும் குளத்தின் கரையில் வேலை பார்க்கிறீர்கள். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது; வேம்பனூர் குளமும் அதே வருஷம் சேர்ந்தது. இதைவிட நல்ல பாடப்பொருள் எந்தக் கடையிலும் கிடைக்காது.

நீளமாக ஒரு பழைய சார்ட்டை எடுத்து, கசக்கிய துணியை நீலத்தில் தொட்டுப் பிள்ளைகளை ஒற்றச் சொல்லுங்கள். அதுதான் குளம். பறவை நாலு வகை போதும். தகைவிலானுக்கு வால் பிளந்திருக்கும். தாளை இரண்டாக மடித்து ஒரே வெட்டு. ஊசிவால் வாத்துக்கு வால் ஒரு துண்டு ஈர்க்கில். நெடுங்கால் உள்ளானுக்குக் கால்தான் அழகு, சிவப்பு நூல் இரண்டு ஒட்டினால் வந்துவிடும். நாலாவது கூழைக்கடா. அதை மட்டும் பெரிதாக நீங்கள் வரைந்து, அலகுக்கு அடியில் ஒரு தாள் பை ஒட்டுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய ஒரு மீன். காலையில் வந்ததும் அவரவர் மீனை அந்தப் பையில் போட வேண்டும். வெளியே மிச்சம் கிடக்கும் மீன் இன்றைக்கு வராத பிள்ளை. வருகைப் பதிவும் ஆயிற்று, எண்ணுவதும் ஆயிற்று. வராத பிள்ளையை மற்றவர்கள் பெயர் சொல்லித் தேடுவதும் பழகிவிடும்.

முடிந்தால் ஒரு நாள் எல்லாரையும் குளக்கரைக்குக் கூட்டிப்போங்கள். சத்தம் போடாமல் நிற்க வேண்டும் என்பது மட்டும் விதி. பார்த்துவிட்டு வந்து செய்யும் வாத்துக்கும் பார்க்காமல் செய்யும் வாத்துக்கும் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

கே: வகுப்பில் மூன்று மதத்துப் பிள்ளைகளும் உண்டு. ஸ்டார் வைத்தால் ஒரு பேச்சு, கோலம் போட்டால் இன்னொரு பேச்சு. பேசாமல் பூவும் பட்டாம்பூச்சியும் ஒட்டிவிடவா? (ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, தக்கலை)

ப: 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85, முஸ்லிம்கள் 4.2. இப்படி ஒரு ஊரில் வளரும் பிள்ளை பக்கத்து வீட்டுத் திருநாளைத் தெரிந்துகொள்ள வகுப்பறையைவிட நல்ல இடம் ஏது? மறைக்காதீர்கள். அதே நேரத்தில், இந்தப் பிள்ளைக்கு இந்த மதம், ஆகவே இந்தக் கைவேலை என்று பங்கு பிரிக்கவும் செய்யாதீர்கள். எல்லாரும் எல்லாம் செய்யட்டும்.

பிறை விஷயத்தில் ஒரு வார்த்தை. பெருநாள் வருஷத்துக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். மார்கழியில் அது வராத வருஷம், கணக்குக்காக ஒரு பிறையை மூலையில் ஒட்டிவைப்பது அந்தப் பிள்ளைக்கு மரியாதை ஆகாது. பெருநாள் வரும் மாதத்தில் சுவர் முழுக்கக் கொடுங்கள். இப்போது அந்த வீட்டில் என்ன விசேஷம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். வளைகுடாவிலிருந்து வாப்பா லீவில் வந்திருக்கலாம். விமானம் ஒட்டுங்கள்.

ஸ்டாருக்குக் கடைக்குப் போக வேண்டாம். மூன்று ஈர்க்கிலைச் சேர்த்து நூலால் சுற்றினால் வளையாத ஒரு குச்சி. அப்படி ஐந்து குச்சியை ஒரே அளவில் நறுக்கி முனைகளைக் கட்டினால் நட்சத்திரம். கட்டுவது உங்கள் வேலை, தாள் ஒட்டுவது பிள்ளைகள் வேலை. பட்டத் தாளை ஒட்டிக் காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் லேசாகத் துடையுங்கள், வெளிச்சம் ஊடுருவும். கிழக்கு ஜன்னலில் தொங்கவிட்டால் காலையில் தரையில் நிறம் விழும், பிள்ளைகள் அதில் கால் வைத்து விளையாடுவார்கள். ஈர்க்கில் நுனியை நறுக்க மறந்துவிடாதீர்கள், கண் பத்திரம்.

கே: வகுப்புக்குள் கீற்றும் வைக்கோலும் வைத்து ஆள் உயரக் கிறிஸ்துமஸ் குடில் கட்டி சீரியல் பல்ப் போட ஆசைப்படுகிறார்கள். சம்மதிக்கலாமா? (பெற்றோர் ஒருவர், கருங்கல்)

ப: கூடாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக் கூரையில் பிடித்த தீ 94 பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு வகுப்பறையில் கீற்றையும் மின்கம்பியையும் சேர்த்து நினைக்கவே எனக்கு மனம் வரவில்லை. குடில் வேண்டுமென்றால் முற்றத்தில், பகலில், விளக்கு இல்லாமல். வகுப்புக்குள் என்றால் ஒரு செருப்புப் பெட்டி அளவில் களிமண்ணில் செய்யட்டும். தோரணம் எதுவானாலும் கதவுக்குக் குறுக்கே தொங்கக் கூடாது, ஸ்விட்ச் போர்டுக்கு ஒரு கை தூரத்தில் தாள் இருக்கக் கூடாது.

கே: தோவாளை மாணிக்கமாலையைப் பிள்ளைகளைக் கொண்டு கட்ட வைக்கலாமா? புவிசார் குறியீடு கிடைத்த பெருமையைக் காட்ட வேண்டும். (தமிழாசிரியர், ஆரல்வாய்மொழி)

ப: 2025-இல் கிடைத்த பெருமை, கட்டாயம் காட்டுங்கள். ஆனால் தாளில். மாணிக்கமாலையின் வெள்ளையும் சிவப்பும் அரளிப் பூ. பச்சை நொச்சி இலை. அரளியில் பூ, இலை, தண்டு எல்லாமே விஷம். எதையும் வாயில் வைக்கும் வயசுப் பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது.

அந்த மாலையின் அழகு மடிப்பில் இருக்கிறது. பூவை மடித்து மடித்து நெருக்கி வைப்பதால்தான் பட்டையாக, மணி பதித்த மாதிரி தெரிகிறது. வெள்ளை, சிவப்பு, பச்சைத் தாளைச் சின்னச் சதுரங்களாக நறுக்கி, மூலைக்கு மூலை மடித்து, அடுத்தடுத்து ஒரு நீளப் பட்டையில் ஒட்டச் சொல்லுங்கள். வெள்ளை, சிவப்பு, வெள்ளை, பச்சை என்று வரிசை மாறாமல் வர வேண்டும். கணக்கில் அமைப்பு என்று சொல்லித் தருகிறோமே, அது இதுதான். தோவாளைச் சந்தையில் பூக் கட்டும் அம்மாமார் யாராவது பள்ளிக்கு வந்து ஒரு முழம் கட்டிக் காட்டச் சம்மதித்தால் இன்னும் நல்லது. பிள்ளைகள் பார்க்கட்டும்; தொடுவது தாளை மட்டும்.

கே: செலவில்லாமல் விதைகளை வைத்துச் செய்யலாம் என்று ரப்பர் கொட்டை, குன்றிமணி எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன். (பாலர் பள்ளி டீச்சர், திருவட்டாறு)

ப: இரண்டையும் பூட்டி வையுங்கள். குன்றிமணிக்குள் கொடிய விஷம். ரப்பர் கொட்டையைப் பச்சையாகக் கடித்தால் சயனைடு உண்டாகும். மூன்று வயசுக்குக் கீழே என்றால் எந்த விதையும் வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்வார்கள்.

வாழை இருக்கிறதே. ஏத்தன் வாழையின் மட்டையைக் குறுக்கே நறுக்கினால் உள்ளே கூடு கூடாக அறைகள். நிறத்தில் தொட்டு ஒற்றினால் அச்சு வேலை. முதல் நாளே நறுக்கித் தண்ணீரில் போட்டுத் துடைத்து எடுங்கள். வாழைக்கறை யூனிபார்மில் பட்டால் அம்மாமார் உங்களைத்தான் கேட்பார்கள்.

கே: கன்னியாகுமரி சிப்பியும் பல நிற மணலும்தான் எங்கள் பெருமை. அதை ஒட்டலாம்தானே? (எல்கேஜி டீச்சர், கன்னியாகுமரி)

ப: சிப்பிக்குச் சரி, ஒரு நிபந்தனையோடு. பவளம், கடல்குதிரை, சில பெரிய சங்கு வகைகள் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. கடையிலும் வாங்க வேண்டாம். குளச்சல், கடியப்பட்டணம் பக்கம் சிப்பி சமைத்த வீட்டில் தோடு மிச்சம் இருக்கும். கொதிக்க வைத்து, காயவைத்து, விளிம்பு கூராக இருந்தால் உரசிவிட்டுக் கொடுங்கள்.

மணலை மட்டும் கரையிலேயே விடுங்கள். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். கூடவே தோரியம் உள்ள மோனசைட்டும் கலந்திருக்கும். 1909-இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். ஏற்றுமதியான தென்னந்தும்புக் கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்குத் துப்புக் கொடுத்தது. தும்பு வேலையையும் மணலையும் சேர்த்துச் சொல்ல நாலாம் வகுப்புக்கு நல்ல கதை. உங்கள் எல்கேஜிக்கு நிறம் கலந்த கோலமாவு போதும்.

கே: கார்த்திகை மழையில் சுவர் ஓதம் காத்து, ஒட்டியதெல்லாம் மறுநாள் தரையில் கிடக்கிறது. (ஈராசிரியர் பள்ளி, கீரிப்பாறை பக்கம்)

ப: சுவரில் ஒட்டுவதை விடுங்கள். சுவருக்கு ஒரு விரற்கடை விட்டுக் கயிறு கட்டி, துணி கிளிப்பில் மாட்டுங்கள். காற்று பின்னால் போனால் தாள் பூசணம் பிடிக்காது. செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் வகுப்புக்கு வகுப்பு கம்பிப் பந்தல் போட்டார்களே, அது பல பள்ளிகளில் இன்னும் இருக்கும். தூசி தட்டிப் பாருங்கள்.

பசைக்கு மைதாவைக் காய்ச்சி அன்றன்றைக்குத் தீர்த்துவிடுங்கள். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சிக்காக மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் விரலை நக்குவார்கள், ஒரு சிட்டிகைகூடச் சேர்க்க வேண்டாம்.

கே: நான் பாட்டா. பேத்தி வகுப்புக்கு வந்து ஓலைக் காற்றாடி, கிலுகிலுப்பை செய்து காட்டட்டுமா? வெளி ஆளை உள்ளே விடுவார்களா? (அகஸ்தீஸ்வரம்)

ப: தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள் பாட்டா. குருத்தோலையாகக் கொண்டுவாருங்கள், முற்றிய ஓலை பிள்ளைகள் விரலை அறுக்கும். செய்ததை உடனே வீட்டுக்குக் கொடுத்துவிடாமல் ஒரு வாரம் கயிற்றில் மாட்டச் சொல்லுங்கள். நாளுக்கு நாள் ஓலை நிறம் மாறுவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். ஏன் மாறுகிறது என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்தால் போதும்.

கே: சுவரில் ஒரு சாண் இடம்கூட விடாமல் நிரப்பினால்தான் பெற்றோருக்குத் திருப்தி. பிள்ளைகளுக்கு இது நல்லதா? (தனியார் பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்)

ப: இல்லை. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 24 மழலைப் பிள்ளைகளை நிறைய அலங்கரித்த வகுப்பிலும் வெறுமையான வகுப்பிலும் மாறி மாறி உட்காரவைத்துப் பாடம் சொன்னார்கள். வெறுஞ்சுவர் வகுப்பில் 55 சதவீதக் கேள்விகளுக்குச் சரியான விடை. அலங்கரித்த வகுப்பில் 42. சின்ன ஆய்வுதான், ஆனால் பாடம் நடத்துகிறவர்கள் தினமும் காண்பதை அது சொல்கிறது.

ஆகவே கரும்பலகை இருக்கும் சுவரைச் சும்மா விடுங்கள். பக்கச் சுவர் ஒன்று பிள்ளைகளுடையது. அதிலும் தரையிலிருந்து 3 அடி உயரத்தில். மூன்று வயசுப் பிள்ளையின் கண் அந்த உயரத்துக்கும் கீழேதான் இருக்கிறது. நாம் ஆறு அடியில் ஒட்டுவது இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்களின் கண்ணுக்கு.

கே: அழகான வகுப்பறைப் போட்டிக்காக ராத்திரி 11 மணி வரை வெட்டி ஒட்டுகிறேன். பிள்ளைகள் செய்தால் கோணல்மாணலாக வருகிறது. (இளம் ஆசிரியை, பெயர் வேண்டாம்)

ப: தூங்குங்கள், அம்மா. உங்கள் கை எவ்வளவு நேர்த்தி என்பது ஊருக்குத் தெரியும். அந்தச் சுவர் பிள்ளைகளின் கையைக் காட்ட வேண்டிய இடம்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போயிருப்பீர்கள். முகப்பு மண்டபத்து மரக்கூரையில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்றைப்போல ஒன்று இல்லை. அந்தத் தச்சருக்கு ஒரே பூவை 90 முறை செதுக்குவது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! வகுப்பில் 30 பிள்ளைகள் என்றால் 30 விதப் பூ வரட்டும். ஒரே அளவில் 30 சதுர அட்டை வெட்டிக் கொடுங்கள். உள்ளே என்ன வருகிறதோ வரட்டும். சதுரங்களை நெருக்கி வரிசையாக ஒட்டும்போது கோணல் தெரியாது, கூரை தெரியும். போட்டி நடத்துகிற நிர்வாகங்களுக்கும் சொல்கிறேன்: பரிசு கொடுக்கும் முன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, இதில் நீ செய்தது எது என்று கேளுங்கள். காட்டத் தெரிந்த வகுப்புக்குக் கொடுங்கள்.

கே: 'டிசம்பர் மாதம்' என்று படம் வரையச் சொன்னேன். ஒரு பையன் தாள் முழுக்கக் கறுப்பு அலையை வரைந்து, மூலையில் சின்னதாக ஒரு வள்ளம் வைத்திருக்கிறான். சுவரில் மாட்டவா, எடுத்து வைத்துவிடவா? (இரண்டாம் வகுப்பு ஆசிரியை, கடற்கரைக் கிராமம்)

ப: அவனுக்கு அந்த அலையை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நமக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமி அவன் பிறப்பதற்கு முந்தியது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலும் அப்படியே. ஆனால் வருஷா வருஷம் கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி ஏற்றுகிற வீட்டில் வளர்கிற பிள்ளை அவன். கடற்கரையில் டிசம்பருக்கு அந்த நிறமும் உண்டு.

நீல கிரயானைக் கையில் கொடுத்து மாற்றச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, வள்ளத்தில் யார் இருக்கிறார் என்று கேளுங்கள். அவன் சொல்வதை அவன் வார்த்தையிலேயே படத்துக்குக் கீழே எழுதுங்கள். பிறகு, மாட்டலாமா என்று அவனிடமே கேளுங்கள். சரி என்றால் நட்சத்திரத்துக்கும் கோலத்துக்கும் பக்கத்தில், அதே உயரத்தில் மாட்டுங்கள். வேண்டாம் என்றால் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். அதே படத்தையே திரும்பத் திரும்ப வரைந்து, பேச்சும் சாப்பாடும் குறைந்தால் வீட்டில் பேசுங்கள், தேவையானால் மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

கே: அலங்காரமாகவும் இருக்க வேண்டும், பாடமாகவும் இருக்க வேண்டும், செலவும் கூடாது. ஒன்று சொல்லுங்கள். (தலைமை ஆசிரியர், தொடக்கப் பள்ளி, கிள்ளியூர்)

ப: நிழல். முற்றத்தில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நடுங்கள். வாரம் ஒரு நாள், மதியம் 12 மணிக்கும் 12.40-க்கும் நடுவில் நிழல் மிகக் குறுகி இருக்கும்போது, பிள்ளைகள் அதன் நீளத்துக்கு ஒரு வர்ணத் தாள் பட்டையை வெட்டட்டும். தேதி எழுதிச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள்.

நவம்பர் தொடக்கத்தில் பட்டை சுமார் 41 சென்டிமீட்டர். டிசம்பர் 21 வாக்கில் 61. அதுதான் உச்சம். பிப்ரவரி கடைசியில் 29, மார்ச் 21-இல் 14. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் சூரியன் தலைக்கு நேர் மேலே வர, குச்சிக்கு நிழலே இருக்காது. வாரம் ஒரு நிறம் எடுத்தால் சுவரில் ஏறி இறங்கும் ஒரு மலை கிடைக்கும். நம் ஊர்க் குளிர்காலத்தின் வடிவம் அது, பிள்ளைகளே அளந்தது. எல்லா வகுப்பும் சேர்ந்து செய்யலாம்: பெரியவர்கள் அளக்க, சின்னவர்கள் நிறம் தேர்ந்தெடுக்க.

கே: எப்போது கழற்றுவது? ஜூன் வரைக்கும் ஸ்டார் தொங்குகிற வகுப்பையும் பார்த்திருக்கிறேன். (ஓய்வுபெற்ற ஆசிரியை, இரணியல்)

ப: பொங்கல் லீவுக்கு முந்தின நாள். ஒட்டியவர்களே கழற்றட்டும், தேதி எழுதி அவரவர் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். ஈர்க்கிலையும் நூலையும் ஒரு பெட்டியில் போட்டால் அடுத்த வருஷத்துக்கு ஆகும். பறவைகளை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம், குளத்தில் இருக்கும் வரை சுவரிலும் இருக்கட்டும். நிழல் பட்டையை யாரும் தொடக் கூடாது, அதற்கு ஏப்ரல் வரை வேலை இருக்கிறது.